‘நான் அதிகம் பயப்படுவது பயத்துக்குத்தான்’: இது மாண்டெய்ன் சொன்னதுதானா?

நெல்லைக் கணக்கன் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, உறுப்பினர் ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும். அடுத்த மாதம் என் முறை. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை.

தை மாதம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. முந்தின நாள் ராத்திரி வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கடல், சூரிய உதயம், கீழே ஒரு வரி: ‘நான் அதிகம் பயப்படுவது பயத்துக்குத்தான்.’ அடியில் மாண்டெய்ன் என்று ஒரு பழைய பிரெஞ்சு எழுத்தாளர் பெயர். விடியும்வரை அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா இப்போது தெருமுனை வரை நடக்கிறார். அதனால் அந்த மனிதரைப் பற்றியே பேசுகிறேன் என்று நூலகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் தேடினால் கிட்டத்தட்ட அதே வரி ஒரு படத்தில் ரூஸ்வெல்ட் பெயரில் இருக்கிறது, இன்னொன்றில் பேகன் பெயரில். யார் சொன்னது என்று தெரியாமல் மேடையில் நிற்க முடியாது. மாண்டெய்னைப் புதிதாகப் படிப்பவன் எங்கே தொடங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. ‘அறம், ஊழ், அச்சம்’ என்று மூன்று தலைப்பாகப் பிரித்து நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் எனக்கே ஒட்டவில்லை. முதல் வரி இது: ‘மறுமலர்ச்சிக் காலத்தின் மாபெரும் சிந்தனையாளரான மாண்டெய்ன் அவர்களின் கருத்துகள் காலத்தால் அழியாத கல்வெட்டுகளாகும்.’ எங்கே தப்பு?

பழைய வாத்தியார் எழுதியது:

வரி அவருடையதுதான், தைரியமாகச் சொல்லுங்கள். ‘கட்டுரைகள்’ நூலின் முதல் புத்தகத்தில் அச்சம் பற்றி இரண்டு மூன்று பக்கத்துக்குச் சின்னதாக ஒரு கட்டுரை இருக்கிறது, அதில் வருகிறது. அந்த நூல் முதலில் அச்சானது 1580இல், பிரான்சின் போர்தோ நகரத்தில்.

ஆனால் இந்த எண்ணத்துக்கு நீண்ட வம்சம் உண்டு. ரோமானிய ஞானி செனெகா, லூசிலியஸுக்கு எழுதிய 24ஆம் கடிதத்தில், இவற்றில் பயங்கரமானது பயம் ஒன்றுதான் என்கிறார். ஆங்கிலேய அறிஞர் பேகன் 1623இல் வெளியான தம் லத்தீன் நூலில் ஏறக்குறைய அதையே சொன்னார். ரூஸ்வெல்ட் சொன்னது 1933 மார்ச் 4 அன்று, அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற உரையில். நாடெங்கும் வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற மூவரும் நமக்குத் தைரியம் சொல்கிறார்கள்: பயத்தைத் தவிர பயப்பட ஒன்றுமில்லை, எழுந்திரு என்று. மாண்டெய்ன் அப்படிச் சொல்லவில்லை. பயம் எனக்குள் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம் என்று தன்னைப் பற்றிச் சொல்கிறார். அது வாக்குமூலம், உபதேசமில்லை.

மெய்ப்புக்காரி எழுதியது:

தம்பி, வாத்தியார் ஐயா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரை நான் மோந்தேன் என்று எழுதுகிறேன், பிரெஞ்சு உச்சரிப்புக்கு அது கொஞ்சம் பக்கம். முழுப்பெயர் மிஷேல் த மோந்தேன். பிறந்தது 1533, இறந்தது 1592.

ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் 22 வருஷமாக மெய்ப்பு பார்க்கிறேன். பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் தலையணை மாதிரி ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்து, பதினாலு வருஷமாக அது என் மேசையை விட்டு நகரவில்லை. அந்தப் பதிப்பில் வரிகளுக்கு நடுவே ஏ, பி, சி என்று சின்ன எழுத்துகள் கிடக்கும். ஏ என்றால் 1580இல் எழுதியது. பி என்றால் 1588 பதிப்பில் சேர்த்தது. சி என்றால் அதற்கும் பிறகு, சாகும்வரை, அச்சான தன் புத்தகத்தின் ஓரத்திலேயே கையால் எழுதிச் சேர்த்தது. இது தெரிந்த அன்றிலிருந்து நான் அவரை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கையெழுத்துப் பிரதி போர்தோ நகர நூலகத்தில் இன்றும் இருக்கிறது. பக்கங்கள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன, கட்டாயம் பாருங்கள். பிரெஞ்சு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் ஓரத்தில் கிடக்கும் கோடுகளும் இடைச்செருகல்களும் எனக்குத் தினசரி வேலை, அவை பேசுவது புரிகிறது. முகப்பில் ஐந்தாம் பதிப்பு என்று அச்சாகியிருப்பதை அடித்து ஆறாம் பதிப்பு என்று எழுதியிருக்கிறார். தாளைத் திருப்பினால் அச்சுக்காரருக்குக் குறிப்புகள்: இந்த எழுத்தை இப்படிக் கோக்க வேண்டும், இது துண்டு துண்டாக வெட்டிப் பேசும் மொழி, அதனால் முற்றுப்புள்ளிக்கும் பெரிய எழுத்துக்கும் கஞ்சத்தனம் வேண்டாம் என்கிறார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் முற்றுப்புள்ளிக்காக அச்சகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று பார்த்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றும் பார்த்தேன், வயிறு எரிந்தது. பிற்காலத்தில் யாரோ அதை மறுபடி பைண்டிங் செய்யும்போது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அவர் எழுதிய சொற்களில் சில அந்தக் கட்டிங்கோடு போய்விட்டன.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். எத்தியேன் த லா போயெசி என்று அவருக்கு ஒரு நண்பர். 1563இல், 32 வயதில் இறந்துபோனார். நட்பைப் பற்றிய கட்டுரையில், ஏன் அவனை அவ்வளவு நேசித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று 1580இல் எழுதி நிறுத்திவிட்டார். 1588இலும் அப்படியே விட்டார். அதற்கும் பிறகு, நண்பர் போய் 25 வருஷம் தாண்டிய பிறகு, ஓரத்தில் எழுதுகிறார்: ‘ஏனென்றால் அது அவன்.’ அப்புறம் வேறு மசியில், வேறொரு நாளில், அதன் பக்கத்தில்: ‘ஏனென்றால் இது நான்.’ அவ்வளவு சின்ன வாக்கியம் முடிய அத்தனை காலம் எடுத்திருக்கிறது. அதற்காக முதலில் எழுதியதை அவர் அடிக்கவும் இல்லை. ‘சொல்லத் தெரியவில்லை’ என்பதும் அங்கேயே இருக்கிறது.

இப்போது உங்கள் முதல் வரிக்கு வருகிறேன். அதில் பிழை இல்லை. ஒற்று சரி, எழுவாயும் பயனிலையும் சரி. ஆனால் மாண்டெய்ன் என்ற பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் அந்த வரி அசையாமல் நிற்கும். அதுதான் தப்பு. நீங்கள் இங்கே கேட்ட கேள்வியைப் பாருங்கள். வார்டு வராந்தா, பெரியப்பா மகன், விடியும்வரை திறந்து பார்த்த படம். அதில் வேறு யார் பெயரையும் போட முடியாது. தாளில் எழுதும்போதும் வாயில் பேசுவது போலவே இருக்கிற பேச்சுதான் எனக்குப் பிடிக்கும் என்கிறார் மோந்தேன். பிரெஞ்சுச் சொல் போய்ச் சேராத இடத்துக்கு எங்கள் ஊர்க் காஸ்கன் பேச்சு போகட்டும் என்றும் சொல்கிறார். இத்தனைக்கும் அவர் லத்தீனில் வளர்ந்த பிள்ளை. அப்பா ஒரு ஜெர்மன் வாத்தியாரை வைத்து, வீட்டு வேலைக்காரர்கள்கூடக் குழந்தையிடம் லத்தீன் தவிர வேறு பேசக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். ஆறு வயசு தாண்டும்வரை ஊர்மொழி தெரியாது. அப்படிப்பட்டவர் ஊர்மொழியில் எழுதினார்.

அச்சத்துக்கு வருவோம். அந்தச் சின்னக் கட்டுரையில் எனக்கு மறக்காதது ஒரு கொடிக்காரன். 1527இல் பூர்போன் பிரபுவின் படை ரோமை முற்றுகையிட்டிருக்கிறது. மதிலோரம் காவலில் இருந்த ஒருவன், முதல் எச்சரிக்கைச் சத்தம் கேட்டதும் நடுங்கிப்போய், இடிந்த சுவரின் ஓட்டை வழியாகக் கையில் கொடியோடு ஓடுகிறான். ஊருக்குள் ஓடுவதாக நினைப்பு. ஓடுவதோ நேராக எதிரியை நோக்கி. ஊர்க்காரர்கள்தான் தாக்க வருகிறார்கள் என்று எண்ணிப் பூர்போன் படை அணிவகுத்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் புத்தி வருகிறது. திரும்பி அதே ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறான். அதற்குள் முந்நூறு தப்படிக்கு மேல் வெட்டவெளியில் போயிருக்கிறான். பயம் சில நேரம் குதிகாலுக்குச் சிறகு கட்டுகிறது, சில நேரம் காலில் ஆணி அடித்துவிடுகிறது என்று மோந்தேன் எழுதுவது இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். அந்த ராத்திரி உங்களுக்கு ஆணியா சிறகா என்று யோசியுங்கள். அதைச் சொன்னால் நூலகத்தில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுகூட இல்லை. இரண்டாம் புத்தகத்தின் ஆறாம் கட்டுரையை முதலில் எடுங்கள். அவர் குதிரையிலிருந்து விழுந்த கதை. உள்நாட்டுச் சண்டை நடந்த காலம். அது இரண்டாம் கலவரத்திலா மூன்றாவதிலா என்று தனக்கு நினைவில்லை என்கிறார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான் போயிருக்கிறார். அவருடைய ஆள் ஒருவன், நல்ல உடல்கட்டு, பெரிய உழைப்புக் குதிரையில் பின்னாலிருந்து பாய்ந்து வந்து மோதுகிறான். இவரும் இவருடைய சின்னக் குதிரையும் உருண்டு கிடக்கிறார்கள். செத்துவிட்டார் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் வாளிக் கணக்கில் ரத்தமாக வாந்தி எடுக்கிறார், நெஞ்சுச் சட்டையை நகத்தால் பிறாண்டுகிறார். பார்க்கிறவர்களுக்குக் கோரம். அவருக்கோ உள்ளே ஒரு சுகம். உயிர் உதட்டு நுனியில் தொங்குவது போலவும், கண்ணை மூடிக்கொண்டு அதை மெல்ல வெளியே தள்ள உதவுவது போலவும் இருந்தது என்கிறார், தூக்கம் வரும்போது தன்னை விட்டுக்கொடுக்கிறோமே அது மாதிரி. இதற்கு நடுவில், மேடுபள்ளமான பாதையில் மனைவி தடுக்கித் தடுக்கி ஓடி வருவதைப் பார்த்து, அவளுக்கு ஒரு குதிரை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சொன்னது அவருக்குத் தெரியாது. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

சாவைத் தினமும் நினைத்துப் பழகு, பழகினால் பயம் போகும் என்று முதல் புத்தகத்தில் நீளமாக ஒரு கட்டுரை இருக்கிறது. படித்த புத்தகங்களின் வாசனை அதில் தூக்கலாக இருக்கும். வயசான பிறகு, மூன்றாம் புத்தகத்தில், சாகத் தெரியவில்லை என்று கவலைப்படாதே, அந்த இடத்தில் இயற்கையே வேண்டிய அளவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும் என்கிறார். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார். சேர்ப்பேன், திருத்த மாட்டேன் என்பது அவர் கொள்கை. வாட்ஸ்அப் படத்தில் ஒரு வரிதான் வரும், இருபது வருஷ மாற்றம் வராது. உங்கள் இருபது நிமிடத்தில் அந்த மாற்றத்தைக் காட்ட முடியும்.

‘அறம், ஊழ்’ என்று தனித்தனித் தலைப்பு வேண்டாம். அவரிடம் அவை பிரிந்து இல்லை. எனக்குள்ள நற்குணம் தற்செயலாக வாய்த்தது, அதைக் கள்ளமின்மை என்று சொன்னால் இன்னும் பொருந்தும் என்று எழுதுகிறார். ஒரு கோழியை அறுப்பதைக்கூடச் சங்கடமில்லாமல் பார்க்க முடியாது, என் நாய்களின் பல்லில் முயல் அலறுவதைக் கேட்கச் சகிக்காது, இது நான் போராடிப் பெற்ற அறம் அல்ல, பிறவியிலேயே இப்படி வாய்த்துவிட்டது என்கிறார். அறத்தையே ஊழ் கொடுத்த வரவாகக் கணக்கில் எழுதியவரை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பீர்கள்?

ஊழ் என்ற சொல்லுக்காக அவருக்கு ஒரு வழக்கே வந்தது. 1580 கடைசியில் ரோமுக்குப் போனார். வாசலிலேயே பெட்டியைச் சோதித்துப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார்கள். 1581 மார்ச்சில் ‘கட்டுரைகள்’ பிரதி கண்டனக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. தணிக்கை அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது, ஒரு பிரெஞ்சுத் துறவி படித்துச் சொன்னதை வைத்துத்தான் குறிப்பு. குற்றங்களில் ஒன்று, கடவுளின் திருவுளம் என்று சொல்லாமல் ‘ஃபோர்த்தூன்’ என்ற சொல்லை அங்கங்கே போட்டிருப்பது. திருத்துவதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அவர் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. மனிதப் பேச்சுக்கு அதற்கென்று தாழ்வான ஒரு நடை உண்டு, அதில் ஊழ், விதி, தற்செயல், நல்ல காலம், கெட்ட காலம் என்ற சொற்கள் அவற்றின் போக்கில் வரட்டும் என்று வேறொரு கட்டுரையில் சேர்த்து எழுதினார். அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1676இல், திருச்சபை அந்தப் புத்தகத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

முதல் நாலு பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள். மடித்து வையுங்கள்.

மதகடி எழுதியது:

பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊழ் என்று வந்தால் இத்தாலிய அரசியல் எழுத்தாளர் மாக்கியவெல்லியை விட்டுப் பேச முடியாது, தம்பி. ‘இளவரசன்’ 1513இல் எழுதியது, அவர் இறந்த பிறகு 1532இல்தான் அச்சானது. அதில் 25ஆம் அதிகாரம் மட்டும் படியுங்கள். நம் செயல்களில் பாதியை ஊழ் ஆள்கிறது, மறுபாதியையோ, கொஞ்சம் குறைவாகவோ, நம் கையில் விட்டிருக்கிறது என்பார். உடனே ஆற்று வெள்ளத்தைச் சொல்வார். பொங்கி வரும்போது மரம் சாயும், வீடு போகும், எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் ஆறு அமைதியாக ஓடும் காலத்தில் கரையும் வாய்க்காலும் கட்டி வைத்திருந்தால், அடுத்த வெள்ளம் அதன் வழியில் போகும், அல்லது அத்தனை அழிவு செய்யாது.

அவர் இதைப் புத்தகம் பார்த்து எழுதவில்லை. 1504இல் பீசா நகரத்தைப் பணிய வைக்க ஆர்னோ ஆற்றையே திசைதிருப்ப ஃப்ளாரன்ஸ் அரசு வாய்க்கால் வெட்டியது. அப்போது மாக்கியவெல்லி அந்த அரசின் செயலாளர், கடிதம் எழுதி எழுதி வேலையை விரட்டியவர். லியோனார்டோ டா வின்சியும் அந்தத் திட்டத்துக்காக வரைந்திருக்கிறார். மழை வந்தது, வெட்டின கரை சரிந்தது, வேலை பாழ். பாதி ஊழ், பாதி நாம் என்று எழுதிய கை அந்தச் சேற்றைப் பார்த்த கை. நான் 34 வருஷம் மதகும் ஷட்டரும் பார்த்தவன். அந்தப் பாதிக் கணக்கை நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. அவர் சொல்லும் ‘வீர்த்தூ’ என்ற சொல்லை அறம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். திறம், துணிவு, சமயம் பார்த்து இறங்கும் ஆற்றல் எல்லாம் கலந்தது அது.

இரவுப்பணி எழுதியது:

மெய்ப்புக்காரி அக்கா எழுதியதை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் செவிலியர். 2020இல் கோவிட் வார்டில் இரவுப்பணி பார்த்தவள். இந்த மோந்தேன் போர்தோ நகரத்துக்கு மேயராக இருந்தாரே, 1585இல் அங்கே கொள்ளைநோய் வந்தபோது அவர் ஊருக்குள்ளேயே வரவில்லை என்று படித்திருக்கிறேன். பயத்தைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதியவர் பயந்து வெளியே நின்றுவிட்டார். எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. பையனைப் பக்கத்து ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு மாதம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். டியூட்டிக்குப் போகாமல் இருக்கவில்லை. அந்தத் தம்பி மேடையில் பேசும்போது இதையும் சொல்ல வேண்டாமா?

மெய்ப்புக்காரி எழுதியது:

கட்டாயம் சொல்ல வேண்டும், சகோதரி. நீங்கள் சொன்னது நடந்ததுதான். 1581இல் இத்தாலியில் வெந்நீர் ஊற்றில் சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தபோது, கேட்காமலேயே அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறை, நாலு வருஷம் இருந்தார். பதவி முடிய ஒரு நாள்தான் பாக்கி, 1585 ஜூலை 30. ஊருக்கு வெளியே இருந்தபடி நகரசபைக்கு எழுதுகிறார்: அடுத்த மேயரைத் தேர்ந்தெடுக்க நான் உள்ளே வர வேண்டுமா, நோயுள்ள நிலையைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள், முடிந்தவரை பக்கத்தில் வருகிறேன் என்று. உள்ளே போகவில்லை. அவர் போயிருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். நீங்கள் வார்டுக்குள் போனீர்கள். உங்கள் கேள்விக்கு முன்னால் நான் அவருக்காக வாதாட மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதியதையும் படித்துப் பாருங்கள், மூன்றாம் புத்தகத்தின் 12ஆம் கட்டுரை. நோய் அவருடைய கிராமத்துக்கே வந்துவிட்டது. அம்மா, மனைவி, மகள், வேலையாட்கள் என்று கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதம் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். யாருக்காவது விரல் நுனி வலிக்கிறது என்றால் போதும், உடனே அந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். நண்பர்களே வாசலில் பார்த்துப் பயந்தார்கள் என்று எழுதுகிறார். ஆறு மாதமும் அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டி அவர்தான்.

அந்தக் கட்டுரையில் அவர் தன் வீரத்தைச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துக் குடியானவர்களைச் சொல்கிறார். திராட்சை அறுக்க ஆளில்லாமல் கொடியிலேயே தொங்குகிறது. வயலில் நிற்கிறவர்கள் இன்று ராத்திரியா நாளையா என்று காத்திருக்கிறார்கள். குரலிலும் முகத்திலும் கலக்கம் இல்லை. சிலர் உடம்பில் தெம்பு இருக்கும்போதே தங்கள் குழியை வெட்டி வைக்கிறார்கள். அவரிடம் கூலிவேலை செய்த ஒருவன், சாகும் நேரத்தில் குழிக்குள் படுத்து, கையாலும் காலாலும் மண்ணைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டானாம். செனெகாவைப் படித்து நான் தேடியது இவர்களிடம் படிக்காமலே இருக்கிறது என்று அவர் எழுதும் இடம் அதுதான். நகரத்துக்குள் போகாத மனிதர், நோய்க்கு நடுவிலேயே இருந்தவர்களைக் கண்ணால் பார்த்து எழுதிய பக்கங்கள் அவை. அந்தக் கூலியாளின் பெயரை அவர் எழுதாமல் விட்டதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மதகடி ஐயா, அந்த வீர்த்தூ பற்றிய குறிப்புக்கு நன்றி. இந்த மாதம் எங்கள் மேசைக்கு வந்திருக்கும் ஒரு புத்தகத்தில் அறம் என்றே போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஓரத்தில் எழுதிக் கேட்கிறேன்.

நெல்லைக் கணக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்தக் குதிரைக் கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டேன். மனைவிக்குக் குதிரை கொண்டுவரச் சொன்ன இடத்தில் கண் நின்றுவிட்டது. ஏன் என்று ராத்திரி படுத்த பிறகுதான் தெரிந்தது. பேச்சை இப்படித் தொடங்கி எழுதியிருக்கிறேன்:

‘ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் என்னை ஐசியூவுக்குள் ஐந்து நிமிடம் விட்டார்கள். அப்பாவுக்குக் கண் பாதிதான் திறந்திருந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். “அம்மா ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, ரெண்டு இட்லி வாங்கிக் குடு” என்றார். நான் வெளியே ஓடி வந்து கேண்டீனில் இட்லி வாங்கினேன். பார்சல் கட்டுகிற வரைக்கும் நிற்க முடியாமல் கால் நடுங்கியது. முந்தின ராத்திரி முழுக்க நகராமல் நாற்காலியில் கிடந்த கால் அது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவிடம் இதைச் சொன்னேன். “நானா சொன்னேன்?” என்கிறார். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார்.’

மூன்று தலைப்பையும் எடுத்துவிட்டேன். மேயர் விஷயத்தையும் கூலியாளையும் அடுத்தடுத்து வைக்கிறேன், செவிலியர் அக்கா. பழைய நாலு பக்கம் கணக்கு நோட்டுக்குள் மடித்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வருகிறேன் என்கிறார். நூலகத்துக்குப் பன்னிரண்டு படி ஏற வேண்டும், டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.